தலையாட்டாதவள்

காலையில் பினாங்கின் ஜார்ஜ்டவுன் ஃபெர்ரித் துறையில் மோட்டார் சைக்கிளோடு வரிசையில் நிற்கும்போதே யாராவது ஒருத்தர் லோகேஸ்வரியிடம் வந்து ஒட்டிக்கொள்வார்கள். "அக்கா, எங்க சொந்தக்காரப் பொண்ணு ஒண்ணு உங்ககிட்ட வருதாமே, அதுக்கு என்னதான் பிரச்சினை?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். லோகேஸ்வரி ஹெல்மெட்டைக் கூடக் கழற்றமாட்டாள். "அப்படியா? இன்னிக்குக் காத்து நல்லா அடிக்குதில்ல?" என்பாள். கேட்டவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். அவளுக்குத் தலைக்கனம் என்று அவள் குடியிருக்கும் ஜெலுத்தோங் அடுக்குமாடியில் பாதிப் பேர் சொல்வதுண்டு. அவள் அம்மா மீனாட்சியே அந்தப் பாதியில் ஒருத்திதான்.

அவளுக்கு இப்போது நாற்பத்து நான்கு வயது. கடலுக்கு அக்கரையில், மாக் மண்டினில், பிளாஸ்டிக் உதிரிப்பாகம் வார்க்கும் ஒரு தொழிற்சாலையில் மனநல ஆலோசகராக இருந்தாள். இந்த வேலைக்கு அவள் வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. பதினேழு வயதில், படிவம் ஐந்து படிக்கும்போது, அப்பா குடித்துவிட்டு வந்து வீட்டில் செய்வதையெல்லாம் தனக்குப் பிடித்த ஆசிரியை ஒருவரிடம் சொல்லி அழுதாள். ஆசிரியை தலையைத் தடவிக்கொடுத்தார். ஆனால் அன்று மாலை அவள் வீடு திரும்புவதற்குள் அந்தப் பேச்சு அவளுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருந்தது. அப்பா வாசலிலேயே காத்திருந்தார். ஆசிரியை கெட்டவர் இல்லை. அக்கறையில்தான் நாலு பேரிடம் சொன்னார். அந்த அக்கறையைத்தான் லோகேஸ்வரி இன்றுவரை மன்னிக்கவில்லை. பள்ளி முடிந்து, ஒரு கப்பல் அலுவலகத்தில் கிராணியாகக் கணக்கெழுதிக்கொண்டே பகுதிநேரமாகப் படித்து, பட்டம் வாங்கி, முறைப்படி பதிவு செய்துகொண்ட ஆலோசகரானாள்.

தொழிற்சாலையில் அவளுக்கு ஒதுக்கிய அறை கேன்டீனுக்கும் முஸ்லிம் தொழிலாளர்கள் தொழும் சூராவுக்கும் நடுவில் இருந்தது. இரண்டு நாற்காலி, ஒரு காற்றாடி, ஒரு டிஷ்யூ பெட்டி. முதல் தடவை வரும் எவரிடமும் அவள் ஒரே பேச்சைத்தான் பேசுவாள்.

"இங்க பேசுறது இந்த நாலு சுவத்துக்குள்ளதான் இருக்கும். உன் உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னா, சின்னப் பிள்ளை ஒண்ணுக்குக் கொடுமை நடக்குதுன்னா, இல்ல கோர்ட் உத்தரவு போட்டுச்சுன்னா, அப்ப வெளிய சொல்வேன். அதையும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன். மத்தபடி யாருக்கும் கிடையாது. பாஸுக்கும் கிடையாது."

வெறும் பிடிவாதக்காரி இல்லை அவள். ஒரு முறை, உயிரை விட்டுவிடப்போவதாகச் சொன்ன ஒரு பெண்ணின் கையைப் பிடித்து, "இதை நான் மறைக்க மாட்டேன், உன் அண்ணனைக் கூப்பிடப்போறேன்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு, தானே மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். எப்போது வாயைத் திறக்க வேண்டும் என்பதில் அவளுக்குக் குழப்பம் இருந்ததில்லை.

குழப்பத்தை உண்டாக்கியது ஒரு கதவு.

பேக்கிங் பகுதியின் பின்கதவை, சாமான் திருட்டுப் போகிறது என்று சொல்லி, நிர்வாகம் வேலை நேரத்தில் பூட்டி வைத்திருந்தது. ஒரு நாள் மத்தியானம் மெஷின் ஒன்றிலிருந்து கரும்புகை கிளம்பியது. பெண்கள் எல்லோரும் பின்கதவுக்கு ஓடினார்கள். கதவு அசையவில்லை. பின்னால் இருந்தவர்கள் முன்னால் இருந்தவர்களைத் தள்ள, ஒரு நேப்பாளப் பெண்ணின் கைவிரல்கள் கதவிடுக்கில் நசுங்கின. நல்லவேளையாக நெருப்புப் பரவவில்லை. யாரோ சாவியோடு ஓடிவந்து திறந்தார்கள். அடுத்த வாரமே தீயணைப்பு அதிகாரிகள், ஊரார் சொல்வது போல் சொன்னால் பொம்பாக்காரர்கள், சொல்லாமல் கொள்ளாமல் வந்து நேராகப் பின்கதவிடம்தான் போனார்கள். யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் புரிந்துபோயிற்று.

கதவைத் திறந்து வைப்பதை விட்டுவிட்டு, புகார் கொடுத்தது யார் என்று தேடுவதில்தான் நிர்வாகத்துக்கு அவசரம் அதிகம். சந்தேகம் காமினி மேல் விழுந்தது. பேக்கிங் பகுதியில் லைன் லீடர் அவள், முப்பது வயதுக்காரி, புகை வந்த அன்று சூப்பர்வைசரிடம் சத்தமாகச் சண்டை போட்டவள். அதோடு, அதற்கப்புறம் அவள் அடிக்கடி லோகேஸ்வரியின் அறைக்கு வந்துபோனாள். அங்கே போய் எல்லாவற்றையும் கொட்டியிருப்பாள் என்று மேல்மாடியில் இருந்த நிர்வாகத்தினர் கணக்குப் போட்டார்கள்.

காமினி உள்ளே என்ன பேசினாள் என்பது அவளுக்கும் லோகேஸ்வரிக்கும் உரியது. இங்கேயும் அது வராது. தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அந்தப் பேச்சுக்கும் பின்கதவுக்கும் துளி சம்பந்தமும் இல்லை. புகார் கொடுத்தது காமினி இல்லை. சந்தேகம் கிளம்பியதும் காமினியே வந்து 'நான் இல்லக்கா' என்று சொல்லிவிட்டுப் போனதில் அது லோகேஸ்வரிக்கு நன்றாகத் தெரியும்.

மனிதவளப் பிரிவின் மேலாளர் தயாளன் அவளை மாடிக்குக் கூப்பிட்டார். லோகேஸ்வரியை வேலைக்கு எடுத்ததே அவர்தான். கோப்பி வரவழைத்தார்.

"லோகேஸ், நான் உன்னை ஒரு வார்த்தை கூடச் சொல்லச் சொல்லல. நான் கேக்கிறேன். காமினிதான்னா தலையை மேலயும் கீழயும் ஆட்டு. இல்லேன்னா இப்படியும் அப்படியும் ஆட்டு. அவ்வளவுதான் லா."

"தலையும் என்னோடதுதான் சார். ஆட்ட மாட்டேன்."

"கம்பெனிதானே உனக்குச் சம்பளம் கொடுக்குது?"

"சம்பளம் என் வேலைக்கு. அவங்க அழுகையைக் கம்பெனி விலைக்கு வாங்கல."

தயாளன் சிரிக்க முயன்றார். "அப்ப அவதான்னு எடுத்துக்கவா?"

"நீங்க எப்படி எடுத்துக்கிட்டாலும் அது உங்க இஷ்டம். நான் கொடுக்கல" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டாள். கோப்பியைத் தொடவே இல்லை.

படி இறங்கும்போது அவள் மனம் அவளையே குடைந்தது. 'இல்லை' என்று ஒரு தலையசைப்பு போதும். அது உண்மையும் கூட. காமினி தப்பித்துவிடுவாள். ஆனால் நாளைக்கு இன்னொருத்தியைப் பற்றிக் கேட்பார்கள். அன்றைக்கும் 'இல்லை' என்று சொல்ல முடிந்தால் சரி. சொல்ல முடியாத ஒரு நாள் வந்தால்? அன்று அவள் மௌனமே 'ஆமாம்' ஆகிவிடும். ஒருத்திக்குத் தலையாட்டிவிட்டால், பிறகு எல்லோருக்கும் ஆட்டினது மாதிரிதான். இதை நினைத்து முடிப்பதற்குள் கேன்டீன் வந்துவிட்டது. அவளுக்குச் சந்தேகம் போய்விட்டது. கோபம் மட்டும் மிச்சம் இருந்தது.

பங்குனி உத்திரத்தன்று தண்ணீர்மலைக் கோயிலில் தயாளன் மனைவியோடும் அர்ச்சனைத் தட்டோடும் எதிரே வந்தார். மனைவியை முன்னால் போகச் சொல்லிவிட்டு லோகேஸ்வரி பக்கம் திரும்பினார்.

"இது ஆபீஸ் இல்ல. முருகன் சந்நிதி. நம்ம ஆளுங்க நாம. இங்க வச்சாவது உண்மையைச் சொல்லும்மா."

"முருகனுக்கு எல்லாம் தெரியும் சார். அவர் என்னைக் கேக்கவே இல்ல. நீங்கதான் கேக்கிறீங்க" என்றாள் லோகேஸ்வரி. கூட வந்திருந்த மீனாட்சி மகளின் கையைக் கிள்ளினாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், "மேலதிகாரிகிட்ட இப்படியா பேசுறது? வேலை போனா என்ன பண்ணுவே?" என்று புலம்பிக்கொண்டே வந்தாள். அம்மா சொன்னதில் பயம் இருந்தது, பொய் இல்லை.

அடுத்த திங்கட்கிழமை அவள் அறைக்குள் நுழைந்தபோது கூரை மூலையில் ஒரு கேமரா உட்கார்ந்திருந்தது. கறுப்பாக, பாதி முட்டை அளவுக்கு. கேட்டதற்கு, பாதுகாப்புக்காக எல்லா அறையிலும் வைக்கிறோம் என்றார்கள். மற்ற அறைகளில் வைத்ததாகத் தெரியவில்லை.

லோகேஸ்வரி ஒரு அட்டையை எடுத்தாள். மலாயிலும் தமிழிலும் எழுதினாள். நேப்பாளியில் எழுத ஒரு தொழிலாளியின் உதவியைக் கேட்டாள். "இந்த அறையில் கேமரா இருக்கிறது. இங்கே பேசுவது ரகசியம் இல்லை." அதைக் கதவில் ஒட்டினாள். மத்தியானத்துக்குள் யாரோ கிழித்துவிட்டார்கள். மறுபடி எழுதி ஒட்டினாள். மறுபடி கிழித்தார்கள். அப்புறம் அவள் எழுதவில்லை. நாற்காலியை எடுத்து வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டு, போகிற வருகிற ஒவ்வொருவரிடமும் வாயாலேயே சொல்ல ஆரம்பித்தாள். "உள்ள கேமரா இருக்கு. பேசணும்னா எங்கூட வெளிய வாங்க." சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனே திரும்பிப் பார்த்தது. கார் நிறுத்தும் இடத்துக்குப் பின்னால், யார் காதுக்கும் எட்டாத மதில் ஓரத்தில், நடந்துகொண்டே ஆலோசனை சொன்னாள். மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு நடந்தார்கள். வருகிறவர்கள் குறைவார்கள் என்றுதான் மேலே எதிர்பார்த்தார்கள். ஆனால் வருகிறவர்கள் கூடினார்கள்.

அதற்குள் காமினியை லைன் லீடர் பொறுப்பிலிருந்து இறக்கி, கழிவுப் பிளாஸ்டிக் பிரிக்கும் இடத்தில் போட்டுவிட்டார்கள். அவள் மதில் ஓரத்துக்கு வந்தபோது கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஆனால் அழவில்லை. சண்டைக்குத்தான் வந்திருந்தாள்.

"அக்கா, நான் இல்லேன்னு உங்களுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அந்தக் குப்பையில நிப்பேனா? உங்க கொள்கையைக் காப்பாத்த நான் கஷ்டப்படணுமா?"

லோகேஸ்வரிக்கு நெஞ்சில் அடித்தது போலிருந்தது. மதிலின் கடைசி வரை அவளைக் கூட்டிக்கொண்டு நடந்தாள்.

"நீ கேக்கிறது நியாயம்தான், காமினி. உன் பேச்சு உன்னோடது. அதை நான் பூட்டி வச்சிருக்கேனே தவிர, சாவி உன் கையிலதான் இருக்கு. நீயே மனசார சொல்லச் சொன்னா, இன்னிக்கே மாடிக்குப் போய், உன்கிட்ட கேட்டுட்டுத்தான் சொல்றேன்னு தயாளன்கிட்டயே சொல்லி, 'அவ இல்லை'ம்பேன். ஆனா ஒண்ணு. 'அவ இல்லை'ன்னதும், 'அப்ப எதுக்கு உன்கிட்ட வந்தா?'ன்னு கேப்பாங்க. அதுக்கு நான் வாயைத் திறக்க மாட்டேன். ஆனா கேள்வி உன்னை விடாது. யோசிச்சுச் சொல்லு. அவசரமில்ல. நீ என்ன முடிவு பண்ணாலும் எனக்கு வருத்தமில்ல."

காமினி மதிலில் சாய்ந்து நின்றாள். அந்தப் பக்கம் லாரி ஒன்று உறுமிக்கொண்டு போயிற்று.

"அந்த ஆளுக்கு நான் எதுக்கு 'நான் இல்லை'ன்னு நிரூபிக்கணும்?" என்றாள் கடைசியில். "கதவைப் பூட்டினது அவங்க. புகார் கொடுத்தது யாரா இருந்தாலும் நல்லதுதானே செஞ்சாங்க? நான் இல்லேன்னு கத்தினா, அது என்னமோ திருட்டு மாதிரியில்ல ஆயிடும்." மூக்கை உறிஞ்சினாள். "வேணாம் அக்கா. சொல்லாதீங்க. அவங்களுக்கு ஒண்ணும் சொல்லாதீங்க."

அந்த மாதக் கடைசியில் லோகேஸ்வரி மேல் உள்விசாரணை வைத்தார்கள். நிர்வாகத்துக்கு ஒத்துழைக்கவில்லை, தொழிலாளர்களைத் தூண்டிவிடுகிறாள் என்று குற்றச்சாட்டு. கோலாலம்பூர் தலைமை அலுவலகத்திலிருந்து லைலா என்ற அதிகாரி வந்து நடுவில் உட்கார்ந்தார். மரியாதையான பெண்மணி. விசாரணை ஆங்கிலத்திலும் மலாயிலுமாக நடந்தது.

"கேள்வி ரொம்பச் சின்னது" என்றார் லைலா. "புகார் பற்றி அந்தத் தொழிலாளி உங்களிடம் பேசினாரா, இல்லையா? ஒரே வார்த்தையில் முடித்துவிடலாமே."

"அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மேடம் எனக்கு உரிமம் கொடுத்திருக்கிறார்கள். அதைச் சொல்லாமல் இருப்பதற்கு."

"'இல்லை' என்பது உண்மையாக இருந்தால் கூடவா?"

"உண்மையாக இருந்தாலும், பொய்யாக இருந்தாலும். கோர்ட் உத்தரவு கொண்டுவாருங்கள், எதைச் சொல்லலாம் என்று நீதிபதியிடம் பேசுகிறேன். அந்தக் கேமராவை எடுங்கள், நாளைக்கே அறைக்குத் திரும்புகிறேன். உத்தரவு வரும்வரை நீங்கள் நாற்காலியை மாற்றி மாற்றிப் போட்டு எத்தனை தடவை கேட்டாலும் இதே பதில்தான்."

லைலா தயாளன் பக்கம் திரும்பினார். "என்ன கேமரா?" என்றார். தயாளன் தொண்டையைச் செருமிக்கொண்டார். பாதுகாப்பு என்ற சொல்லை மறுபடியும் எடுத்தார். லைலாவின் முகம் இறுகியது. ஆனால் அவரும் கம்பெனியின் ஆள்தான். முடிவு வரும்வரை லோகேஸ்வரி வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லி விசாரணையை முடித்தார்.

போவதற்கு முன் லோகேஸ்வரி ஒரு காரியம் செய்தாள். தன்னிடம் வந்துகொண்டிருந்த ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்து, பட்டர்வொர்த்தில் தனக்குத் தெரிந்த வேறு ஆலோசகர்கள் யார், எங்கே போனால் இலவசமாகப் பார்ப்பார்கள் என்றெல்லாம் சொல்லிவிட்டுத்தான் கேட்டைத் தாண்டினாள். "சண்டை எனக்கும் கம்பெனிக்கும். நடுவுல நீங்க விழக் கூடாது" என்றாள்.

அவள் வீட்டில் உட்கார்ந்திருந்த நாட்களில்தான் அது நடந்தது. தரச் சோதனைப் பகுதியில் சித்தி ஹாஜரா என்று ஒருவர் வேலை செய்தார். பினாங்குத் தமிழ் முஸ்லிம், அதிர்ந்து பேசாதவர், லோகேஸ்வரியின் அறைப்பக்கம் ஒரு நாளும் எட்டிப் பார்த்தவரில்லை. அவர் ஒரு மத்தியானம் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு மாடி ஏறி, தயாளனின் கதவைத் தட்டாமலே உள்ளே போனார்.

"பூட்டினது நீங்க. பொம்பாவுக்குப் போன் பண்ணினது நான். என் பேர், ஐ.சி. அடையாளக் கார்டு நம்பர் எல்லாம் சொல்லித்தான் பண்ணினேன். பொம்பாக்காரங்க அதை உங்ககிட்ட சொல்லல, அது அவங்க நல்ல குணம். அந்தப் புள்ளையக் குப்பையிலேருந்து எடுங்க. என்னை வேணும்னா அங்க போடுங்க."

ஹாஜராவை ஒன்றும் செய்ய முடியவில்லை. பொம்பாவின் கண் இன்னும் அந்தத் தொழிற்சாலை மேல்தான் இருந்தது. காமினியைப் பழைய இடத்துக்குச் சத்தமில்லாமல் திருப்பினார்கள். மன்னிப்பு என்று ஒரு சொல் வரவில்லை.

தயாளன் ஜெலுத்தோங்குக்கே வந்தார். மீனாட்சி அவசர அவசரமாகத் தேநீர் போட்டாள்.

"உனக்குத் தெரிஞ்சிருக்கு, காமினி இல்லேன்னு. எவ்வளவு அலைச்சல்! ஒரு தலையாட்டல்ல முடிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சுதா தெரியலையான்னு இப்பவும் சொல்ல மாட்டேன் சார்."

அவர் பெருமூச்சு விட்டார். "சரி, போனது போகட்டும். திரும்பி வா. ஒரே ஒரு ஒப்பந்தம். இனிமே கம்பெனியைப் பாதிக்கிற விஷயம்னு எதாவது காதுல விழுந்தா, எனக்கு மட்டும் சொல்லிடு. பேர் வேணாம். விஷயம் மட்டும்."

மீனாட்சி தேநீர்த் தட்டோடு நின்றுவிட்டாள். மகள் என்ன சொல்லப்போகிறாள் என்று அவளுக்குத் தெரியும். இந்தத் தடவை கிள்ளவில்லை. தட்டை மேசையில் வைத்துவிட்டு அவளே பேசினாள்.

"தம்பி, இவ சின்ன வயசுல ஒருத்தங்க இப்படித்தான் விஷயத்தை மட்டும் சொன்னாங்க. இவ முதுகுல இன்னும் தழும்பு இருக்கு. டீ ஆறிடும், குடிச்சிட்டுக் கிளம்புங்க."

லோகேஸ்வரி அம்மாவை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நாளைப் பற்றி அந்த வீட்டில் ஒருவரும் வாய் திறந்ததே இல்லை.

வேலைநீக்கக் கடிதம் தபாலில் வந்தது. லோகேஸ்வரி சும்மா இருக்கவில்லை. கேமராவைப் பற்றி ஆலோசகர் வாரியத்துக்குப் புகார் எழுதினாள். நியாயமில்லாமல் வேலையை விட்டு எடுத்தார்கள் என்று தொழில் உறவு இலாகாவில் வழக்குப் பதிந்தாள். அந்தச் சமரசப் பேச்சு நடந்தது செபராங் ஜெயாவில், ஒரு குளிர்ந்த அறையில். தயாளனும் கம்பெனியின் வழக்கறிஞரும் ஒரு பக்கம். இவள் தனியாக மறுபக்கம்.

வழக்கறிஞர் இளைஞர்; இனிமையாகப் பேசினார். நல்ல இழப்பீடு தருவதாகவும், ஒரே நிபந்தனை, கேமராவைப் பற்றி இனி எங்கேயும் பேசக் கூடாது, வாரியத்தில் கொடுத்த புகாரையும் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். பிறகு கொஞ்சம் முன்னால் சாய்ந்து, "ரகசியத்தைக் காப்பாத்துறதுல உங்களை மாதிரி கெட்டிக்காரங்க கிடையாதுன்னு கேள்விப்பட்டேன், அக்கா. இதையும் அப்படிக் காப்பாத்துங்களேன்" என்றார்.

லோகேஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"தம்பி, என்னை நம்பி வந்தவங்க சொன்னதுதான் ரகசியம். நீங்க செஞ்சது ரகசியம் இல்ல, தப்பு. அதை மூடி மறைக்க நான் படிக்கல. எவ்வளவு கொடுத்தாலும் பேசுவேன். கேட்டா பேசுவேன், கேக்காட்டியும் பேசுவேன்."

சமரசம் அன்றைக்கு நடக்கவில்லை. வாரியத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் போன பிறகு, கேமராவைத் தாமாகவே கழற்றினார்கள். அந்த அறை இப்போது சாமான் போடும் இடமாக இருக்கிறதாம். பல மாதம் கழித்து, வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும் தறுவாயில், நிபந்தனை எதுவும் இல்லாமல் முதலில் சொன்னதைவிடக் குறைவான தொகைக்குக் கம்பெனி இறங்கி வந்தது. லோகேஸ்வரி வாங்கிக்கொண்டாள். வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

செபராங் ஜெயாவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் சின்ன அறை ஒன்றை வாடகைக்கு எடுத்தாள். கதவில் பலகை மாட்ட வந்த ஆள், பெயருக்குக் கீழே வேறு என்ன எழுதட்டும் என்று கேட்டான். "பேரும் பதிவு எண்ணும் போதும். மத்ததை உள்ள வர்றவங்ககிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அவன் ஏறி நின்ற ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.